டேவிட் பிரஷீர்ஸ்: டீ இடைவேளையில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

அலுவலகங்களில் பயிற்சி வகுப்பு எடுப்பது என் பிழைப்பு. அதில் ஒரு மணி நேரத்தை டேவிட் பிரஷீர்ஸ் கதைக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். வகுப்பு முடிந்து டீ குடிக்கப் போனால் அதே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வரும். ஒவ்வொரு முறையும் பதில் சொல்லி முடிப்பதற்குள் என் டீ ஆறிவிடுகிறது. அதனால் எழுதியே வைத்துவிட்டேன். கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

யாருங்க இவர்? பேரே கேள்விப்பட்டதில்லையே?

அமெரிக்க மலையேற்றக்காரர். மலை உச்சிகளில் படம் எடுத்தவர். பிற்காலத்தில் நிறுவனங்களின் மேடைகளில் தலைமைப் பண்பு, ஆபத்தான நேரத்தில் முடிவெடுப்பது பற்றியெல்லாம் பேசியவர். 1955 டிசம்பரில் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தார். எவரெஸ்ட் உச்சியில் 5 முறை நின்றிருக்கிறார்: 1983, 1985, 1996, 1997, 2004. படங்களுக்காக 4 எம்மி விருதுகள் (அமெரிக்கத் தொலைக்காட்சி விருது) வாங்கியிருக்கிறார்.

2024 மார்ச் 14 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மார்பிள்ஹெட் ஊரில், தன் வீட்டில் காலமானார். வயது 68. இயற்கை மரணம். இதைச் சொல்லும்போது வகுப்பில் சிலர் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரியும், ஏதாவது பனிச்சரிவில் போயிருப்பார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அத்தனை முறை எவரெஸ்ட்டுக்குப் போனவர் வீட்டில் காலமானார் என்பதுதான் அவரைப் பற்றி எனக்குப் பிடித்த தகவல். ஏன் என்பது கீழே வரும்.

ஏறுறவரா, படம் எடுக்குறவரா? எது முதல்ல?

ஏறுவதுதான் முதலில். கொலராடோவில் போல்டர் நகரத்துக்குப் பக்கத்தில் எல்டொராடோ பள்ளத்தாக்கு இருக்கிறது. செங்குத்துப் பாறைகளுக்குப் பேர்போன இடம். இருபது வயதுகூட ஆகாத பையனாக அங்கே மற்றவர்கள் தயங்கிய பாறைகளில் ஏறி, அங்குள்ள ஒரு பாறை வழியின் பெயரையே பட்டப்பெயராக வாங்கினார்: ‘க்ளோபர்டான்ஸ் கிட்’.

மலையில் படம் எடுக்க வரும் குழுக்களுக்குக் கயிறு கட்டவும் கேமராவை மேலே சேர்க்கவும் ஆள் வேண்டும். அந்த வழியாகத்தான் சினிமாவுக்குள் நுழைந்தார். 1983 மே மாதம் எவரெஸ்ட் உச்சியிலிருந்து முதல் நேரடித் தொலைக்காட்சிக் காட்சியை அனுப்பியவர் அவர்தான். உச்சியை அடைவதோடு அங்கே வேலையும் பார்க்க வேண்டும் என்ற பழக்கம் அப்போதே வந்துவிட்டது.

எவரெஸ்ட் படம்னா 2015ல வந்ததுதானே? நான் பாத்துட்டேன்.

அது வேறு. 2015ல் வந்தது நடிகர்கள் நடித்த கதைப்படம், 1996ல் எவரெஸ்ட்டில் 8 பேர் இறந்த விபத்தைப் பற்றியது. பிரஷீர்ஸ் அதில் இணைத் தயாரிப்பாளர். அவராக ஒருவர் நடித்தும் இருக்கிறார்.

நான் வகுப்பில் சொல்வது 1998ல் ராட்சதத் திரைக்காக வந்த ஐமாக்ஸ் ஆவணப்படம். அதே விபத்து நடந்தபோது அதே மலையில் எடுத்துக்கொண்டிருந்த படம். கிரெக் மெக்கில்லிவ்ரே, ஸ்டீஃபன் ஜட்சன், பிரஷீர்ஸ் என்று மூன்று இயக்குநர்கள். மலைமேல் நடந்த படப்பிடிப்பும் ஏறிய குழுவும் பிரஷீர்ஸ் பொறுப்பு. உலகம் முழுக்க 12 கோடி டாலருக்கு மேல் வசூல் செய்தது. முக்கால் மணி நேரம் ஓடும் ஓர் ஆவணப்படத்துக்கு அது நம்ப முடியாத தொகை.

ஐமாக்ஸ் கேமராவைத் தூக்கிட்டுப் போனது அவ்வளவு பெரிய விஷயமா? இப்ப போன்லயே எடுக்குறாங்களே.

1996ல் இது பெரிய விஷயம்தான், ஏனென்றால் ஃபிலிம். ஐமாக்ஸில் ஒரு பிரேமின் பரப்பு, சாதாரண 35 மில்லிமீட்டர் சினிமா பிரேமைப் போலக் கிட்டத்தட்ட பத்து மடங்கு. அதனால் கேமரா ஃபிலிமை அசுர வேகத்தில் விழுங்கும். 500 அடி நீளமுள்ள ஒரு சுருள் ஒன்றரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். அந்தச் சுருளின் எடை இரண்டு கிலோவுக்கு மேல். அதாவது தொண்ணூறு விநாடிக் காட்சிக்கு ஒரு பெரிய சர்க்கரைப் பொட்டலத்தை எட்டாயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமக்க வேண்டும். பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி எடுக்கும் பேச்சே கிடையாது.

எவரெஸ்ட்டுக்காகவே எடை குறைத்துச் செய்த கேமரா அது. அப்படியும் எடை சுமார் 19 கிலோ. மைனஸ் 40 டிகிரியிலும் ஓட வேண்டும். சாதாரண கிரீஸ் அந்தக் குளிரில் உறைந்துபோகும், ஃபிலிம் அப்பளம்போல நொறுங்கும்.

இதில் கொடுமை, சுருளை மாற்றுவது. ஃபிலிமின் நுனியைப் பல்சக்கரங்களுக்கு நடுவே சரியாகக் கோக்க வேண்டும். ஒரு தூசி, ஒரு முடி மாட்டினாலும் காட்சி போச்சு. தடித்த கையுறையோடு அதைச் செய்ய முடியாது. எவரெஸ்ட் உச்சியில் பிரஷீர்ஸ் கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் கோத்தார். பனிக்கடியில் விரல் போய்விடும் இடம் அது. ஊசியில் நூல் கோக்கத் திணறும் எனக்கு, அந்த ஒரு காட்சியை நினைத்தாலே உச்சியில் கொடி நடும் காட்சிகள் எல்லாம் சாதாரணமாகத் தெரிகின்றன.

19 கிலோவையும் அவரேவா தூக்கிட்டுப் போனார்?

இல்லை. கேமரா, லென்ஸ், முக்காலி, பேட்டரி, ஃபிலிம் எல்லாவற்றையும் பிரித்துச் சுமந்தவர்கள் ஷெர்பாக்கள். அவர்கள் இல்லாவிட்டால் படம் இல்லை. போஸ்டரில் அவர்கள் பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இதில் எனக்கு வருத்தம்தான், ஆனால் மலைப் படங்கள் எல்லாவற்றிலும் இதே கதைதான்.

ஒரு விதிவிலக்கு, படத்தின் முக்கியப் பாத்திரங்களில் ஒருவரான ஜம்லிங் டென்சிங் நோர்கே. 1953ல் ஹிலாரியோடு முதன்முதலில் உச்சியைத் தொட்ட டென்சிங்கின் மகன், டார்ஜிலிங்காரர். மற்ற முக்கியமானவர்கள்: அமெரிக்காவின் எட் வீஸ்டர்ஸ், ஸ்பெயினின் அராசெலி செகாரா, ஆஸ்திரியாவின் ராபர்ட் ஷாவர், ஜப்பானின் சுமியோ ட்சுசுகி. சுமியோவுக்கு இருமி இருமியே விலா எலும்பு விரிசல் விட்டுவிட்டது. அவர் உச்சிக்குப் போக வேண்டாம் என்று பிரஷீர்ஸ் முடிவு செய்தார். பல மாத உழைப்புக்குப் பிறகு ஒருவரிடம் அதைச் சொல்வது ஏறுவதைவிடக் கஷ்டமான வேலை.

ஆக்ஸிஜன் சிலிண்டர் வெச்சுக்கிட்டு ஏறினா அது சாதனையா?

உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். எட்டாயிரம் மீட்டருக்கு மேல் உடம்பு தேறாது, தேய்ந்துகொண்டே போகும். யோசனையும் மந்தமாகிவிடும். அங்கே ஒரு குழுவையும் கேமராவையும் கட்டி மேய்க்க வேண்டியவர் சிலிண்டர் வைத்துக்கொள்வதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அதே பயணத்தில் எட் வீஸ்டர்ஸ் சிலிண்டர் இல்லாமல் ஏறினார். அவர் வேறு ஜாதி உடம்பு. பிற்பாடு உலகின் 8000 மீட்டர் சிகரங்கள் 14ஐயும் அப்படியே ஏறி முடித்த முதல் அமெரிக்கர்.

1996ல என்னதான் நடந்தது? சுருக்கமா சொல்லுங்க.

மே 10 அன்று நியூசிலாந்தின் ராப் ஹால், அமெரிக்காவின் ஸ்காட் ஃபிஷர் ஆகிய இருவரும் தங்களுக்குப் பணம் கட்டி வந்தவர்களை உச்சிக்குக் கூட்டிப்போனார்கள். பிற்பகல் 1 அல்லது 2 மணிக்குள் எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும் என்பது பேச்சு. வழியில் கயிறு கட்டத் தாமதம், குறுகலான இடங்களில் நெரிசல். பலர் 2 மணிக்கு மேல்தான் உச்சியை எட்டினார்கள். இறங்கும்போது புயல் பிடித்துக்கொண்டது. ஹாலும் ஃபிஷரும் உட்பட நேபாளப் பக்கம் 5 பேர் இறந்தார்கள்.

திபெத் பக்கத்திலிருந்து ஏறிய நம் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை வீரர்கள் 3 பேரும் அதே புயலில் போனார்கள். ஆக மொத்தம் 8 பேர். வெளிநாட்டுக் கதைகளில் இந்த மூவர் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறார்கள்.

புயல் வரும்னு பிரஷீர்ஸுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது?

தெரியாது. இதைத்தான் வகுப்பில் அழுத்திச் சொல்வேன், ஆனாலும் பாதிப் பேர் ‘அவருக்கு முன்கூட்டியே தோன்றியது’ என்றுதான் வெளியே போய்ச் சொல்கிறார்கள்.

நடந்தது இது. அவர் குழு மற்றவர்களுக்கு ஒரு நாள் முன்னால் இருந்தது. மூன்றாம் முகாமில், சுமார் 7,300 மீட்டர் உயரத்தில், காலையில் எழுந்து பார்த்தால் மேலே காற்று இன்னும் அடங்கவில்லை. கீழே பார்த்தால் மே 10 அன்று உச்சிக்குப் போக ஒரு பெரிய கூட்டம் ஏறி வருகிறது. காற்று நிற்காத மலையில், அவ்வளவு பேர் நடுவில், ஐமாக்ஸ் படம் எடுக்க முடியாது. காத்திருப்போம் என்று முடிவு செய்து மே 8 அன்று கீழே இறங்கினார்கள். இறங்கும் வழியில், ஏறிக்கொண்டிருந்த ஹாலையும் ஃபிஷரையும் நேருக்கு நேர் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு வந்தார்கள். எல்லோரும் மேலே போகும்போது நாம் மட்டும் இறங்குகிறோமே, கோழை என்று நினைப்பார்களோ என்ற கூச்சம் அந்த இடத்தில் யாருக்கும் வரும்.

மே 10 அன்று புயல் வராமல் போயிருந்தால்? ஹாலின் ஆட்கள் உச்சியைத் தொட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கியிருப்பார்கள், பிரஷீர்ஸின் முடிவு யாருக்கும் நினைவிருக்காது. அப்போதும் அது சரியான முடிவுதான். கையில் இருந்த தகவலுக்கு அது சரி, பின்னால் வந்த புயலால் சரியாகவில்லை.

ஆக்ஸிஜனை எல்லாம் தூக்கிக் கொடுத்துட்டாராமே, நிஜமா?

நிஜம். அவர் குழுவின் கூடாரங்களும் சிலிண்டர்களும் ஏற்கெனவே நான்காம் முகாமில், சுமார் 7,900 மீட்டரில், பூட்டிவைக்கப்பட்டிருந்தன. செய்தி வந்ததும், பூட்டை உடைத்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று ரேடியோவில் சொல்லிவிட்டார். அது அவர்களுடைய படத்துக்கான ஆக்ஸிஜன். அதைக் கொடுத்தால் படமே நின்றுபோகலாம் என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தெரியும். தேவைக்கு மேல் கொண்டுவந்திருந்ததால்தான் கொடுத்த பிறகும் இன்னொரு முயற்சிக்கு இடம் இருந்தது.

அப்புறம் அவரும் வீஸ்டர்ஸும் மறுபடி மேலே போனார்கள். டெக்சாஸ் மருத்துவர் பெக் வெதர்ஸ் இறந்துவிட்டார் என்று மற்றவர்கள் கைவிட்டிருந்த நிலையில், தானாக எழுந்து நடந்து முகாமுக்கு வந்திருந்தார். இரண்டு கையும் உறைந்து கட்டையாகிவிட்டன, கண்ணும் சரியாகத் தெரியவில்லை. அவரைப் படிப்படியாகக் கீழே இறக்கினார்கள். சுமார் 6,000 மீட்டர் உயரத்தில் நேபாள ராணுவத்தின் மதன் கத்ரி சேத்ரி ஹெலிகாப்டரை இறக்கினார். ஹெலிகாப்டருக்கு இடம் காட்ட, குடிப்பதற்கு வைத்திருந்த சிவப்புப் பானத்தைப் பனியில் ஊற்றிப் பெருக்கல் குறி போட்டார்கள். வெதர்ஸ் பிழைத்தார். வலது கையை முழங்கைக்குக் கீழே இழந்தார், இடது கை விரல்களையும் மூக்கையும் இழந்தார். அவரும் பின்னாளில் ஊக்கப் பேச்சாளர் ஆனார்.

எட்டுப் பேர் செத்த பிறகும் ஏறிப் படம் எடுத்தது சரியா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் கோபத்தோடு கேட்கிறார்கள், நியாயமான கோபம்தான். மே 23 அன்று அவர்கள் உச்சிக்குப் போனார்கள். வழியில் ஃபிஷரின் உடலையும் ஹாலின் உடலையும் கடந்துதான் போக வேண்டியிருந்தது. இருவரும் வீஸ்டர்ஸுக்கு நண்பர்கள்.

மீட்பு வேலைக்காகப் படப்பிடிப்பை நிறுத்தினார்கள், கீழே இறங்கி வந்து யோசித்தார்கள், பிறகு போனார்கள். இறந்தவர்களை மிதித்துக்கொண்டு போனதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்த விபத்து படத்துக்குப் பெரிய விளம்பரமாகவும் ஆனது என்பதை மறைத்துப் பேசவும் எனக்கு விருப்பமில்லை. இரண்டும் உண்மை. 2008ல் அவர் அதே விபத்தைப் பற்றி மறுபடி ஓர் ஆவணப்படம் எடுத்தார். அதில் தப்பித்தவர்களை உட்காரவைத்துப் பேசவிட்டார். பன்னிரண்டு வருஷம் கழித்தும் அந்த இரவு அவரை விடவில்லை.

எவரெஸ்ட்டில் இப்படிக் கூட்டம் சேர்ந்ததுக்கே இவர்தான் காரணம்னு சொல்றாங்களே?

கொஞ்சம் உண்மை இருக்கிறது. 1985ல் டிக் பாஸ் என்ற டெக்சாஸ் தொழிலதிபரை எவரெஸ்ட் உச்சிக்குக் கூட்டிப்போனவர் பிரஷீர்ஸ். பாஸுக்கு அப்போது 55 வயது. அதுவரை அந்த உச்சியை அடைந்தவர்களில் மூத்தவர் அவர்தான். ஏழு கண்டங்களின் உயர்ந்த சிகரங்களையும் ஏறி முடித்த முதல் ஆளும் ஆனார். காசும் மனசும் இருந்தால் தொழில்முறை ஏற்றக்காரர் அல்லாதவரும் போகலாம் என்ற எண்ணம் அப்போதுதான் பரவியது. வழிகாட்டி நிறுவனங்களும் அதற்குப் பின் பெருகின.

பதினோரு வருஷம் கழித்து மூன்றாம் முகாமில் நின்று எந்தக் கூட்டத்தைப் பார்த்து அவர் பின்வாங்கினாரோ, அந்தக் கூட்டத்துக்கான பாதையைப் போட்டதில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. பாஸோடு போன அந்த 1985 பயணத்தில்தான் எவரெஸ்ட்டை இரண்டு முறை ஏறிய முதல் அமெரிக்கர் என்ற பெயரும் அவருக்கு வந்தது.

அப்ப ராப் ஹால் மோசமான தலைவர், இவர் நல்ல தலைவர், அவ்வளவுதானே?

அவ்வளவு சுலபமாக முடித்தால் எனக்கு வகுப்பு எடுக்கும் வேலையே இல்லை. ஹால் மிகவும் கவனமான ஆள் என்று பெயர் எடுத்தவர். 1995ல் டக் ஹான்சன் என்பவரை, உச்சி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், நேரமாகிவிட்டது என்று திருப்பி அனுப்பியவர் அவர்தான். அதே ஹான்சன் 1996ல் மறுபடி வந்தார். இந்த முறை ஹால் அவரைத் திருப்பவில்லை. மாலை 4 மணிக்கு மேல்தான் ஹான்சன் உச்சியை அடைந்தார். இருவரும் திரும்பவில்லை.

போன வருஷம் ‘வேண்டாம்’ என்று சொன்னவரிடம் இந்த வருஷமும் அதையே சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். பணம் கட்டியவர், நண்பராகவும் ஆகிவிட்டவர். பிரஷீர்ஸுக்கு அந்த நெருக்கடி இல்லை. அவர் குழுவில் யாரும் உச்சிக்காகப் பணம் கட்டி வரவில்லை, எல்லோரும் படத்துக்காக வந்தவர்கள். இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டு இருவரையும் தராசில் வைப்பது ஹாலுக்குச் செய்யும் அநியாயம்.

மலை ஏறுறவர் ஆபீஸ்காரங்களுக்கு என்னங்க சொல்லித் தர முடியும்? எங்களுக்கு டார்கெட்தான் மலை.

‘நம்பினால் முடியும்’ வகைப் பேச்சாக இருந்தால் ஒன்றும் சொல்லித் தர முடியாது. அன்று மேலே போன எல்லோரிடமும் நம்பிக்கை இருந்தது. பிரஷீர்ஸ் கதையில் நான் எடுத்துக்கொள்வது உப்புச்சப்பில்லாத விஷயங்கள்: தேவைக்கு மேல் எத்தனை சிலிண்டர், யாரை மேலே கூட்டிப்போகக் கூடாது, இன்று போகாவிட்டால் இன்னொரு நாள் போகக் கையில் சாமான் மிச்சம் இருக்கிறதா. கடைசியில் சொன்னது இல்லாவிட்டால் மே 8 அன்று இறங்கும் தைரியம் யாருக்கும் வராது. மார்ச் 31க்குள் முடித்தே ஆக வேண்டும் என்று மாற்று வழியே இல்லாமல் உட்கார்ந்திருக்கும் குழு, காற்று எப்படி அடித்தாலும் மேலேதான் போகும்.

கடைசி காலத்துல ஏறுறதை விட்டுட்டு ஏதோ ஐஸ் போட்டோ எடுத்தாராமே?

2007ல் கிளேசியர்வொர்க்ஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பைத் தொடங்கினார். வேலை எளிமையானது, செய்வது கடினம். பழைய மலையேற்றக்காரர்கள் இமயமலைப் பனியாறுகளை எடுத்த படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்கள் நின்ற அதே பாறையைத் தேடிப் பிடித்து, அதே கோணத்தில் மறுபடி எடுப்பது. 1921ல் ஆங்கிலேய மலையேற்றக்காரர் ஜார்ஜ் மல்லோரி எவரெஸ்ட்டின் வடக்கே ரோங்புக் பனியாற்றை எடுத்த படம் ஒன்று உண்டு. அதே இடத்திலிருந்து 2007ல் பிரஷீர்ஸ் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்தால், பனியாறு கிட்டத்தட்ட 100 மீட்டர் தாழ்ந்திருப்பது தெரியும். முப்பது மாடிக் கட்டடம் ஒன்று கரைந்துபோன கணக்கு.

அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. வகுப்பில் நேரம் இல்லாமல் எப்போதும் வெட்டுப்படுவதும் இதுதான்.

என் பையன் படத்தைப் பாத்துட்டு மலையேறப் போறேன்னு நிக்கிறான். எங்க சேக்கலாம்?

டார்ஜிலிங்கில் இமாலயன் மலையேற்றப் பயிற்சி நிலையம் 1954லிருந்து நடக்கிறது. ஜம்லிங்கின் அப்பா டென்சிங்தான் அதன் முதல் களப்பயிற்சி இயக்குநர். உத்தரகாசியில் நேரு மலையேற்றப் பயிற்சி நிலையம் இருக்கிறது. இரண்டிலும் அடிப்படைப் பயிற்சி உண்டு. அதுவரைக்கும் தினமும் படியேறச் சொல்லுங்கள், லிஃப்ட் வேண்டாம்.

ஸ்லைடுல போட அவர் சொன்ன பொன்மொழி ஒண்ணு குடுங்க சார்.

இணையத்தில் அவர் பெயரில் சுற்றும் வரிகளில் எது அவர் சொன்னது, எது யாரோ ஒட்டியது என்று பிரிக்க எனக்குப் பொறுமை இல்லை. அதனால் நான் ஸ்லைடில் பொன்மொழி போடுவதில்லை. மேலே சொன்ன ரோங்புக் படங்கள் இரண்டையும் பக்கம் பக்கமாகப் போட்டுவிட்டு, எதுவும் பேசாமல் ஒன்றரை நிமிடம் நிற்பேன். ஒரு ஐமாக்ஸ் சுருள் தீரும் நேரம். முதல் இருபது விநாடிக்குள்ளேயே பின்வரிசையில் ஒருவர் போனை எடுத்துவிடுவார்.